பெட்டிப் பலகையில் ஓர் அலமாரி

தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், வளர்ந்த நம் வயதுக்காரர்களுக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஓர் அறை, ஓர் அடுப்படி, முன்னால் ஓர் ஆள் படுக்கிற அகலத்தில் வராந்தா. குடும்பத்தில் நாலு பேர் இருந்தாலும் எட்டுப் பேர் இருந்தாலும் எல்லோருடைய துணிமணியும் ஒரே தகரப்பெட்டிக்குள் கிடக்கும். பிள்ளைகளின் சிலேட்டு மாவரைக்கும் கல்லுக்குப் பின்னால், புத்தகம் அரிசிப்பானை மூடிமேல், ரிப்பன் ஆணியில். இது என் இடம் என்று ஒரு பிள்ளை கைவைத்துக் காட்ட ஒரு சாண் சுவர்கூடக் கிடையாது. நாமும் அப்படி ஒன்று இருக்கலாம் என்று நினைத்ததில்லை.

எனக்கு ஒன்பது வயதில் அப்படி ஓர் இடம் கிடைத்தது. அது கிடைத்த விதத்தை என் பிள்ளைகளிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. வெட்கம்தான் காரணம். இப்போது அறுபதைத் தாண்டிவிட்டேன், வெட்கப்பட வேண்டிய ஆட்களும் அதிகம் மிச்சமில்லை, அதனால் சொல்கிறேன்.

எங்கள் தோட்டம் வண்டிப்பெரியாரிலிருந்து ஏலப்பாறை போகிற பாதையில் உள்ளே தள்ளி இருந்தது. அப்பா தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டுகிறவர். எனக்கு ஏழு வயதாகும்போது மஞ்சள் காமாலை கண்டு, ஒரு மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டார். அவருடைய முகம் எனக்கு இன்று சரியாக நினைவில் இல்லை. வேலை முடிந்து வந்ததும் அவர்மேல் வீசும் தேயிலைத் தண்டு அறுபட்ட பச்சை வாசனை நினைவிருக்கிறது. ஊருக்குப் போகும்போது மட்டும் போடுகிற பழுப்பு நிறக் கான்வாஸ் ஷூவுக்கு அவர் கயிறு கட்டுகிற விதமும் நினைவிருக்கிறது. சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, ஒற்றைக் கையாலேயே கட்டிவிடுவார்.

ஒன்றரை வருடம் கழித்து அம்மா மறுபடி கல்யாணம் செய்துகொண்டாள். அம்மாவுக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகியிருக்காது என்பதை நான் கணக்குப் போட்டுப் பார்த்ததே என் நாற்பதாவது வயதில்தான். அன்றைக்கு அவள் எனக்குக் கிழவியாகத்தான் தெரிந்தாள். இந்த வயதில் இவளுக்கு எதற்குக் கல்யாணம் என்று நினைத்தேன்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம், பக்கத்து வீட்டு அத்தை வந்து அம்மாவுக்குப் புத்தி சொன்னாள். அவள் எங்களுக்குச் சொந்தம் இல்லை. லயத்தில் பக்கத்துக் கதவு அவளுடையது, அவ்வளவுதான். ஆனால் அவள் சொல்லாமல் எங்கள் வீட்டில் அரிசிகூட ஊறாது.

"அவரு சாமான் ஒண்ணுகூட வீட்ல இருக்கப்படாது. புள்ள பாத்துப் பாத்து ஏங்கிப்போகும். கண்ணுல படாட்டி தன்னால மறந்துரும். அவரு பேச்சையும் எடுக்காத. புதுசா வர்ற மனுசனுக்கும் அதான் மரியாதை."

அவள் கெட்டவள் இல்லை. பிள்ளை மறந்துவிட்டால் பிள்ளைக்கு நல்லது என்று மனசார நம்பினாள். அம்மாவும் நம்பினாள். அப்பாவின் சட்டை, வேட்டி, கம்பளி, தலைப்பாகைத் துண்டு எல்லாவற்றையும் ஒரு பழைய சேலையில் மூட்டையாகக் கட்டினாள். அத்தை அதைத் தூக்கிக்கொண்டு போவதற்கு முன், அம்மா தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில், நான் மூட்டைக்குள் கையை விட்டேன். கையில் மாட்டியது ஒரு ஷூ. இன்னொன்றைத் தேடுவதற்குள் வெளியே செருப்புச் சத்தம். கிடைத்த ஒன்றை அடுப்படியில் விறகு அடுக்குக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அப்பா என்று ஒருவர் இருந்த பேச்சே இல்லை.

அம்மாவைக் கட்டிக்கொண்டவர் எங்கள் தோட்டத்து பாக்டரியில் பெட்டி அடிக்கிறவர். தேயிலைத் தூளை நிரப்பி அனுப்புகிற ஒட்டுப்பலகைப் பெட்டிகள் தனித்தனிப் பலகைகளாகத்தான் வந்திறங்கும். அவற்றைச் சட்டத்தோடு சேர்த்து, விளிம்பில் தகரப் பட்டை வைத்து ஆணியடித்துப் பெட்டியாக்குவது அவர் வேலை. நாள் முழுக்க வாயில் ஆணியைக் கவ்விக்கொண்டே வேலை செய்ததாலோ என்னவோ, வீட்டிலும் வாயைத் திறக்கமாட்டார். முடி கட்டையாக நிற்கும். விரல் நகம் இரண்டு கறுத்துப்போயிருக்கும். அவர் வந்தால் தேயிலைத் தூளும் மரம் ஒட்டுகிற வஜ்ஜிரமும் கலந்த ஒரு வாசனை கூடவே வரும். சித்தப்பா என்று கூப்பிடச் சொன்னார்கள். நான் கூப்பிடவில்லை. சாப்பிடக் கூப்பிட வேண்டுமென்றால் கதவருகே போய் நின்று தொண்டையைச் செருமுவேன். அவரும் அதைக் கூப்பிட்டதாகவே எடுத்துக்கொண்டு எழுந்து வருவார்.

என்னை அவர் அடித்ததில்லை, அதட்டியதில்லை. அதனாலேயே எனக்கு அவரைப் பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன். வெறுக்க ஒரு காரணமும் தராத மனிதர்மேல் ஒரு பிள்ளைக்கு எவ்வளவு கோபம் வரும் என்பது உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும்.

அந்த வருடம் ஜூன் மாதம் பிடித்த மழை விடவே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். குழாயடிக்குப் போய்க் குடத்தோடு திரும்பி வந்தேன். அடுப்படியில் அவர் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். விறகெல்லாம் ஒரு பக்கம் எடுத்து வைக்கப்பட்டிருந்தது. என் அப்பாவின் ஷூ தரையில் இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு மூங்கில் சிம்பை நீளவாக்கில் வைத்து, பேனாக்கத்தியால் அதில் ஒரு கீறல் போட்டுக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்தார். நான் குடத்தை இறக்கக்கூட இல்லை. அவர் ஷூவை எடுத்த இடத்திலேயே வைத்தார். விறகை ஒவ்வொன்றாக முன்போலவே அடுக்கினார். சிம்பைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அன்றைக்கு அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தூக்கி எறியத்தான் எடுத்தார், நான் வந்ததால் விட்டுவிட்டார் என்று முடிவு கட்டினேன். அன்றிலிருந்து ஷூவை என் துணிப்பையில் போட்டு, புத்தகங்களுக்கு அடியில் வைத்துப் பள்ளிக்கூடத்துக்கே கொண்டுபோக ஆரம்பித்தேன்.

அவரைக் கண்காணிக்கவும் ஆரம்பித்தேன். வேலை விட்டு வரும்போது சில நாள், மழைக்குப் போர்த்துகிற அவருடைய கம்பளி முதுகில் விறைப்பாக நிற்கும். வீட்டுக்கு வராமல் நேரே அத்தையின் ஆட்டுக்கொட்டிலுக்குப் போவார். திரும்பி வரும்போது கம்பளி தளர்ந்து தொங்கும். ஒரு நாள் பின்னாலேயே போய்ச் செடிக்குள் ஒளிந்து பார்த்தேன். கம்பளிக்குள்ளிருந்து இரண்டு பெட்டிப் பலகைகளை எடுத்து, ஆடுகளுக்கு எட்டாத உயரத்தில் செருகினார். ஒன்றில் கறுப்பு மையில் தோட்டத்து முத்திரை. பிறகு சாயங்காலங்களில் அங்கேயிருந்து சுத்தியல் சத்தம் கேட்கும். நான் எட்டிப் பார்க்கப் போனால் அத்தை என்னை விரட்டுவாள். "இங்கிட்டு வராதடி, ஆடு முட்டும்." ஆடு முட்டாது என்று எனக்குத் தெரியும்.

திருடுகிறார், அத்தையும் கூட்டு. ஒன்பது வயதுக்கு அது போதும்.

ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி மழை கொஞ்சம் இறங்கியிருந்தது. பள்ளிக்கூடத்து முற்றத்தில் கொடியேற்றம். பாக்டரிக்கு அன்று விடுமுறை என்பதால் தாய் தகப்பன்களும் வந்து பின்னால் நின்றார்கள். மேனேஜர் ஜீப்பில் வந்தார். அவரைத் துரை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆள் கோட்டயத்துப் பக்கத்து மலையாளி. அவர் பக்கத்தில், மிட்டாய்த் தட்டோடு பாக்டரியின் டீ மேக்கர் நின்றார். தூளின் பக்குவத்தைப் பார்த்து பாக்டரியை நடத்துகிறவர் அவர். பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக்காரர், கொங்குத் தமிழ் பேசுவார், வெள்ளைச் சட்டை அழுக்காகி நாங்கள் பார்த்ததில்லை.

துரை வரிசையாக மிட்டாய் கொடுத்துக்கொண்டே ஒவ்வொரு பிள்ளையிடமும் ஏதாவது கேட்டார். என்னிடம் வந்தார்.

"மோளே, அப்பனுக்கு எங்கே ஜோலி?"

வாத்தியார் முந்திக்கொண்டார். "பாக்டரியில சார். நம்ம பெட்டி அடிக்கிறவரு மகள்."

பையில் ஷூ கனத்தது. என் குரல் எனக்கே யாருடையதோ போலக் கேட்டது.

"அது எங்கப்பா இல்ல. எங்கப்பா செத்துப்போயிட்டாரு. இது பாக்டரிப் பலகையைத் திருடிட்டு வந்து ஆட்டுக்கொட்டில்ல ஒளிச்சு வைக்கிற ஆளு."

டீ மேக்கரின் கையிலிருந்த தட்டில் மிட்டாய்கள் ஒரு பக்கமாகச் சரிந்தன. துரை சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் என்னைப் பார்த்துவிட்டு, டீ மேக்கரைப் பார்த்துவிட்டு, அடுத்த பிள்ளைக்குப் போனார். நான் திரும்பிப் பார்த்தேன். கூட்டத்தின் கடைசியில் சித்தப்பா நின்றுகொண்டிருந்தார். தலை வாரி, சலவைச் சட்டை போட்டு வந்திருந்தார். அவர் நகரவில்லை. அம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அகப்பையை எடுத்தாள். இரண்டு அடி விழுந்தது. மூன்றாவதற்கு ஓங்கிய கையை அவர் பிடித்துக்கொண்டார்.

"விடு. அது பாத்ததத்தான சொல்லுச்சு."

"ஊரு முன்னாடி உங்க மானத்த வாங்கிட்டாளே..."

"விடுங்கறேன்ல."

அம்மா அகப்பையைப் போட்டுவிட்டு அடுப்பு முன் உட்கார்ந்து அழுதாள். அவர் என் பக்கம் வந்தார். அடிக்கப்போகிறார் என்று தோளை ஒடுக்கிக்கொண்டேன். அவர் என் துணிப்பையின் அடியைத் தொட்டுப் பார்த்தார். அது நனைந்திருந்தது.

"மழையில இதோட நடக்காத, பாப்பா," என்றார், அம்மாவுக்குக் கேட்காத குரலில். "ஈரம் ஏறுனா துணி இத்துப்போகும். பழைய இடத்துலயே வையி. யாரும் எடுக்கமாட்டாக."

அவ்வளவுதான். அன்று இரவு நான் சாப்பிடவில்லை.

இரண்டு நாள் கழித்து ஆபீசில் விசாரணை. பள்ளிக்கூடம் விட்டு வந்துகொண்டிருந்தேன். லயத்திலிருந்து ஆபீசுக்குப் போகிற ஒற்றையடிப் பாதையில் இரண்டு வாட்ச்சர்கள் எதையோ தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். வழிவிட்டுத் தேயிலைச் செடியோடு ஒட்டி நின்றேன். மழைக்கோட்டு மாட்டி, பின்னால் பிடித்து வந்தவன் களைத்துப்போய், "கொஞ்சம் இறக்கு" என்றான். என் முன்னாலேயே இறக்கினார்கள்.

அது ஓர் அலமாரி. என் நெற்றி உயரம் இருந்தது. பலகைகள் உப்புத்தாள் போட்டு வழுவழுப்பாக இருந்தன. கையில் சிம்பு ஏறாமல் இருக்க ஒவ்வொரு விளிம்பிலும் பெட்டிக்கு அடிக்கிற தகரப் பட்டையை மடித்து வைத்திருந்தார். மேல் தட்டின் நெற்றியில், பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சுட்டு என் பெயரின் முதல் எழுத்து எழுதியிருந்தது. முதலில் அதைத்தான் பார்த்தேன். பிறகுதான் மற்றது எல்லாம் கண்ணில் பட்டது. ஒரு தட்டு என் சிலேட்டின் அகலம். அதற்குக் கீழே புத்தகம் நிற்கிற உயரம். பக்கவாட்டில் ரிப்பன் மாட்ட இரண்டு மரக்குச்சிகள். பெரியாற்றில் பொறுக்கிய கூழாங்கற்களை நான் ஒரு சிரட்டையில் போட்டு வைத்திருந்தேன். அந்தச் சிரட்டை உட்காரும்படி ஒரு பலகையில் வட்டமாகக் குடைந்திருந்தது. என்னுடைய ஒவ்வொரு பொருளையும் யாரோ ஒருவர் கையில் எடுத்து அளந்திருக்கிறார், நான் ஒரு தடவையைத்தான் பார்த்திருக்கிறேன்.

அடியில், வலது மூலையில், ஒரு சின்னக் கதவு. வாட்ச்சர் அதைத் திறந்தான்.

"இதென்னப்பா, ஒத்தச் செருப்பு வைக்கிற அளவுக்கு ஒரு பொந்து?"

மற்றவன் சிரித்தான். தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

நான் அங்கேயே நின்றேன். அட்டை ஒன்று கணுக்காலில் ஏறி, ரத்தம் குடித்துப் பெருத்து, தானாக விழும்வரை நின்றேன். கதவு வைத்திருக்கிறார். அம்மா பார்த்தால் அம்மாவுக்குக் கஷ்டம், எடுத்துவிட்டால் எனக்குக் கஷ்டம். இரண்டும் தெரிந்து கதவு வைத்திருக்கிறார். இதை இன்று வார்த்தையாகச் சொல்ல முடிகிறது. அன்றைக்கு அட்டை கடித்த இடத்தைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் வீட்டுக்கு நடந்தேன்.

விசாரணையில் நடந்ததை அத்தை குழாயடியில் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் இருக்கிறேன் என்று தெரிந்தேதான் சொன்னாள்.

"ஒடஞ்ச பலக, அடுப்புக்குப் போற பலக. டீ மேக்கர் ஐயா வாயால எடுத்துக்கன்னு சொன்னாரு. அப்புறம்தான் இவரு தொட்டாரு. இப்ப தொர கேக்கயில, ஞாபகம் இல்லீங்கன்னுட்டாரு. இவரும் அதுக்கு மேல வாயத் தொறக்கல. முடிவு தெரியுறவரைக்கும் வேல கெடையாதாம்."

அதன்பின் சித்தப்பா காலையில் எழுந்து, பாக்டரிச் சங்கு ஊதும் நேரத்துக்குச் சட்டையைப் போட்டுக்கொண்டு, வராந்தாவில் உட்கார்ந்திருப்பார். சுத்தியல் பிடிக்காத கை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் கிடக்கும். அம்மா கொழுந்து எடுக்கப் போய்விடுவாள். அவர் எனக்குச் சோறு போட்டுத் தருவார். நான் சாப்பிடுவேன். 'தப்புப் பண்ணிட்டேன்' என்று சொல்ல வாயெடுத்துத் தண்ணீர் கேட்டிருக்கிறேன். அதுவும் பல தடவை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் டீ மேக்கரின் வீட்டுக்குப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. அது பாக்டரிக்கு மேலே, தகரக் கூரை போட்ட தனி வீடு. லயத்துப் பிள்ளைகள் அந்தப் பக்கம் போவதில்லை. அவர் வாசலில் பீன்ஸ் கொடிக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தார்.

"ஏனம்மணி, யாரூட்டுப் புள்ள நீ?"

"பெட்டி அடிக்கிறவரு வீட்டுப் புள்ள," என்றேன்.

அவர் குச்சியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். அடையாளம் தெரிந்துவிட்டது.

"எதுக்கு வந்தே?"

"பலகையை எடுத்துக்கச் சொன்னது நீங்கதானாம். நீங்க தொரகிட்டச் சொல்லணும்."

"யாரு சொல்லி அனுப்புனது? உங்கம்மாளா, அவனா?"

"யாரும் அனுப்பல. நான் தெரியாமச் சொல்லிட்டேன். அவரு திருடல."

உள்ளேயிருந்து அவர் மனைவி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அவர் குச்சியை மண்ணில் குத்தினார். அது ஆழமாக இறங்கவில்லை, சாய்ந்தது. மறுபடி குத்தினார்.

"நாஞ் சொன்னா எனக்கு என்னாகும்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"எனக்குந் தெரியாது. அதுனாலதான் சொல்லுல." கொஞ்ச நேரம் மண்ணைக் காலால் மிதித்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்க்காமலே பேசினார். "ஒடஞ்ச பலகையில என்னத்தடா பண்ணப் போறேன்னு அன்னிக்கே கேட்டேன். எம்புள்ளைக்கு ஒரு அலமாரின்னான். உனக்கேதுடா புள்ளைன்னு நாஞ் சிரிச்சேன். சிரிச்சிட்டுத்தான் எடுத்துக்கோன்னேன்." கையைத் தட்டிக்கொண்டார். "போ அம்மணி. ஊட்டுக்குப் போ."

நான் இறங்கி வந்தேன். ஒன்றும் நடக்காது என்றுதான் நினைத்தேன்.

புதன்கிழமை ஆள் வந்து சித்தப்பாவை வேலைக்கு வரச் சொல்லிவிட்டுப் போனான். டீ மேக்கர் துரையிடம் என்ன சொன்னார், எப்படிச் சொன்னார் என்பது எங்களுக்குக் கடைசிவரை தெரியாது. அவருக்கு ஆபீசிலிருந்து ஒரு மெமோ வந்ததாகப் பேசிக்கொண்டார்கள். அதற்குப் பிறகும் அவர் சட்டை வெள்ளையாகத்தான் இருந்தது. வழியில் என்னைப் பார்த்தால் மட்டும் தலையை ஒரு தடவை அசைப்பார். அவரைக் கோழை என்று பல காலம் நினைத்திருந்தேன். எத்தனை பேர் ஒரு பிள்ளை சொல்லித் தங்கள் பேச்சை மாற்றிக்கொள்வார்கள் என்று இப்போது நினைக்கிறேன்.

அலமாரி திரும்பி வர மேலும் பத்து நாள் ஆனது. சாட்சிப் பொருளை ஆபீசில் ஒரு மூலையில் வைத்திருந்தார்கள். சும்மா இருக்கிற அலமாரியை எந்தக் குமாஸ்தாதான் விடுவார்? அவர் அதற்குள் காகிதங்களை அடுக்கி, ஒவ்வொரு தட்டிலும் இங்கிலீஷில் எழுதிச் சீட்டு ஒட்டிவிட்டார். சித்தப்பா அதைத் தலையில் வைத்துத் தானே தூக்கி வந்தார். அறையின் மூலையில், தரை ஓதம் ஏறாமல் அடியில் இரண்டு கல் வைத்து நிறுத்தினார். சுவரோடு ஆடாமல் நிற்கிறதா என்று தள்ளிப் பார்த்தார்.

"சீட்டெல்லாம் ஒட்டிக் கெடுத்துட்டானுக," என்றார். "தண்ணி தொட்டுச் சொரண்டிரவா?"

"வேணாம்," என்றேன். சுரண்டினால் அவர் இழைத்த பலகையில் கீறல் விழும் என்று பயமாக இருந்தது. அதைச் சொல்லவில்லை. வேறொன்றைச் சொன்னேன். "நல்லாருக்கு, சித்தப்பா."

அவர் தலையாட்டிவிட்டு, இல்லாத ஆணியைத் தேடுவதுபோல அலமாரியின் பின்பக்கம் போய்விட்டார்.

சீட்டில் உள்ள எழுத்துகளைச் சிலேட்டில் பார்த்து எழுதிக்கொண்டு போய் வாத்தியாரிடம் கேட்டேன். சிலேட்டு வைக்கும் தட்டில் இருந்தது மஸ்டர், காலையில் எடுக்கிற ஆள் கணக்கு. புத்தகத் தட்டில் கடிதம். கூழாங்கல் சிரட்டைக்குப் பக்கத்தில் வைத்தியம். சின்னக் கதவில் ஒட்டியிருந்ததை வாத்தியார் படித்துச் சொன்னார்: "லீவு."

கதவுக்குள் ஷூவை வைத்தேன். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரு விரல் இடைவெளி. முன்னால் ஒரு கொக்கி. அதைத் திறக்க வேண்டுமென்றால் முதலில் கொஞ்சம் மேலே தூக்க வேண்டும்; அந்த வித்தையை அவர் எனக்கு மட்டும் காட்டிக் கொடுத்திருந்தார்.

அந்த அலமாரி இப்போது இல்லை. நாங்கள் தோட்டத்தை விட்டுக் கம்பத்துக்கு இறங்கி வந்த பிறகு சில வருடம் இருந்தது, பிறகு கரையான் பிடித்தது. சித்தப்பாவும் போய்ப் பல வருடமாகிறது. அம்மா போனது அதற்கும் பிறகு. ஆனால் நான் சொல்ல நினைத்தது அலமாரி போனதைப் பற்றி இல்லை.

அந்த மழைக்காலம் ஓய்கிற சமயம். ஐப்பசியாக இருக்கலாம். அம்மாவுக்குக் காய்ச்சல் விட்ட மறுநாள், வேலைக்குப் போகாமல் வீட்டிலிருந்தாள். நானும் பள்ளிக்கூடம் போகவில்லை. அம்மா வீட்டைக் கூட்டினாள், துடைத்தாள், அலமாரியையும் ஈரத்துணியால் துடைத்தாள். சின்னக் கதவருகே துணி நின்றது.

"இதுல என்னடி எழுதியிருக்கு?"

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பொய் சொல்லியிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை.

"லீவுன்னு எழுதியிருக்கும்மா."

"லீவா? யாருக்குடி லீவு?"

அவள் சிரித்துக்கொண்டேதான் கொக்கியை இழுத்தாள். திறக்கவில்லை. அழுத்தித் துடைக்கும்போது கை பட்டதில் கொக்கி மேலே எழும்பியது. கதவு தானாகத் திறந்துகொண்டது.

அம்மா வெகுநேரம் குனிந்தபடியே இருந்தாள். நான் ஓடிவிடத் தயாராக வாசல் கதவருகே போனேன். அவள் ஷூவை வெளியே எடுத்தாள். மேலே பூத்திருந்த வெள்ளைப் பூஞ்சாணத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தாள். குதிகாலின் ஒரு ஓரம் மட்டும் சாய்வாகத் தேய்ந்திருந்தது.

"இங்க வா," என்றாள்.

போனேன்.

"இது ஏன் இப்பிடித் தேஞ்சிருக்குன்னு தெரியுமா? சரிவுலயே நின்னு நின்னு கவாத்து வெட்டுவாரா, சமதரையில நடந்தாக்கூட ஒரு பக்கமாச் சாஞ்சுதான் நடப்பாரு. கம்பத்துச் சந்தையில நேரா நடங்க, நேரா நடங்கன்னு பின்னாடியே சொல்லிட்டுப் போவேன். ரோடுதான்டி கோணலாருக்குன்னுவாரு."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் இரண்டு வருடமாகக் கேட்டதில்லை. தரையில் உட்கார்ந்து ஷூவை மடியில் வைத்துக்கொண்டாள். நானும் ஒட்டி உட்கார்ந்தேன். அவளுக்கு நிறுத்தத் தெரியவில்லை. நான் பிறந்தன்று அப்பா மஸ்டருக்குப் போகாமல் ஆஸ்பத்திரி வாசலில் நின்று திட்டு வாங்கியது, எனக்குப் பெயர் வைக்க இரண்டு நாள் பிடிவாதம் பிடித்தது, காரம் தின்றால் விக்கல் வருவது, விக்கல் வந்தால் சுவரில் முதுகைத் தேய்ப்பது. உலையில் அரிசி குழைந்துபோன வாசனை வந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

வாசலில் வெளிச்சம் மறைந்தது. சித்தப்பா கம்பளியோடு நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. கம்பளியிலிருந்து தண்ணீர் சொட்டி, காலடியில் தேங்கியிருந்தது. அம்மா அவரைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினாள். ஷூவை என்ன செய்வதென்று தெரியாமல் சேலைக்குள் இழுத்தாள்.

"சொல்லு," என்றார் அவர். "புள்ள கேட்டுக்கிட்டு இருக்குல்ல."

உள்ளே வரவில்லை. கம்பளியைக் கழற்றி வராந்தாக் கம்பியில் போட்டார். கதவுக்கு வெளியே, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, காலில் ஏறியிருந்த அட்டைகளை ஒவ்வொன்றாகப் பிய்த்துப்போட ஆரம்பித்தார்.

அம்மா கொஞ்ச நேரம் அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஷூவை மறுபடி மடிக்கு எடுத்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். இந்தத் தடவை கொஞ்சம் உரக்கச் சொன்னாள், வெளியேயும் கேட்கும்படி.